கண்ணியைக் கழற்றிய நிலக்கடலை

கிழக்கு ஜாம்பியாவின் லுவாங்வா பள்ளத்தாக்கில் டிசம்பர் முதல் மார்ச் வரை பசிக்காலம். குதிரில் இருந்த மக்காச்சோளம் தீர்ந்திருக்கும். வயலில் நிற்பது இன்னும் முற்றியிருக்காது. கம்பிக் கண்ணிகள் காட்டுக்குள் போவதற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். தந்தத்துக்காக யானையைச் சுடும் வணிகம் வேறு, மான் இறைச்சியை விற்று மாவு வாங்கும் குடும்பம் வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்தாகத் துப்பாக்கி ஏந்திய காவலர்களை அனுப்பியதால், பசியும் தீரவில்லை, கண்ணியும் குறையவில்லை.

2003-இல் அமெரிக்க வன உயிரியலாளர் டேல் லூயிஸ் தொடங்கிய 'கொமாக்கோ' அமைப்பு இந்த முடிச்சை வேறு முனையில் பிடித்தது. காட்டையொட்டிய ஊர்களில் சாப்பாட்டுக்கே திண்டாடும் குடும்பங்கள் எவை, வேட்டையில் கைதேர்ந்தவர்கள் யார் என்று முதலில் கண்டறிந்தார்கள். கண்ணியையும் நாட்டுத் துப்பாக்கியையும் ஒப்படைத்தவர்களுக்குத் தேனீ வளர்ப்பு, தச்சு, வேளாண்மை என்று பயிற்சி கொடுத்தார்கள். நிலத்தை முழுதாகப் புரட்டாமல் விதைப்பது, தாளை எரிக்காமல் மூடாக்காக விடுவது, வரிசைகளுக்கிடையே கிளைரிசிடியா மரங்களை நட்டு அதன் தழையை உரமாக்குவது ஆகியவையே பாடம். உரம் வாங்கக் காசில்லாதவர், மண் வளம் போனதும் காட்டை வெட்டிப் புது நிலம் தேடுவார். பழைய நிலமே விளைந்தால் அந்தத் தேவை குறைகிறது.

இதுவரை சொன்னதை எந்தத் தொண்டு நிறுவனமும் செய்யும். பயிற்சி முகாம், சான்றிதழ், குழுப் புகைப்படம் எல்லாம் நமக்குப் பழகியவைதானே. கொமாக்கோ அதோடு நிற்காமல் விளைச்சலையும் வாங்கியது. விதிகளைக் கடைப்பிடிக்கும் உழவரின் நிலக்கடலை, சோயா, அரிசி, தேன் ஆகியவற்றுக்குக் கூடுதல் விலை கொடுத்து, தன் ஆலைகளில் பதப்படுத்தி, 'இட்ஸ் வைல்ட்' என்ற பெயரில் ஜாம்பிய நகரங்களின் பல்பொருள் அங்காடிகளில் விற்கிறது. நன்கொடை கேட்டு வரும் வெள்ளைக்கார முகங்களைவிட, தலைநகர் லுசாகாவில் காலை ரொட்டியில் தடவப்படும் கடலை வெண்ணெய் இந்தக் காட்டுக்கு நம்பகமான காவலன் என்பது என் கணிப்பு. பயிற்சி மறந்துபோகலாம்; ஆனால் அடுத்த பருவமும் கொள்முதல் உண்டு என்று தெரிந்தவர் கண்ணி வைக்கப் போவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

2011-இல் கொமாக்கோவினர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, குறைந்துவந்த விலங்குகளின் எண்ணிக்கை நிலைபெற்றதாகச் சொன்னது. திட்டம் முழுமையாக வென்றதா என்று அளக்க இன்னும் காலம் கனியவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். தொண்டுத் துறையில் இந்த நேர்மை அரிது. வானமும் இவர்கள் கையில் இல்லை: 2024 பிப்ரவரியில் வறட்சியைத் தேசியப் பேரிடராக ஜாம்பியா அறிவிக்க வேண்டி வந்தது.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் பக்கத்திலேயே நடந்தது. அதே கிழக்கு ஜாம்பியாவின் எல்லையில், மலாவியின் கசுங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. 2022-இல் மலாவி அரசும், ஆப்பிரிக்கன் பார்க்ஸ், ஐஃபா (IFAW) ஆகிய விலங்குப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து, அந்நாட்டின் லிவொண்டே தேசியப் பூங்காவிலிருந்து 263 யானைகளை லாரிகளில் ஏற்றி அங்கே இறக்கின. லிவொண்டேயில் நெரிசல், கசுங்குவில் இடம் தாராளம். காகிதத்தில் கச்சிதமான கணக்கு. ஆனால் பூங்காவின் ஜாம்பியப் பக்கம் திறந்து கிடந்தது. யானைகள் எல்லை தாண்டி மக்காச்சோள வயல்களில் புகுந்தன. இரு நாட்டுக் கிராமங்களிலும் மனிதர்கள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டுச் சட்ட வழியை நாடியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு முயற்சிகளிலும் நல்ல எண்ணத்துக்குக் குறைவில்லை. வேறுபாடு, நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. ஒன்றில், உழவருக்கு விலை கட்டுப்படியாகாமல் போனால் திட்டமே படுத்துவிடும். அதனால் அவர் வரவு செலவை அமைப்பு கவனித்தே ஆக வேண்டும். மற்றதில், யானைகள் இறங்கியதும் வெற்றி அறிவிக்கப்பட்டது. ஓர் இரவில் ஓர் ஆண்டு மக்காச்சோளத்தை இழந்த குடும்பம் அந்த வெற்றிக் கணக்கில் வரவே இல்லை.

இனி யானைகளை இடம் மாற்ற முன்வரும் எந்த அமைப்பும், எல்லைக்கு இரு புறமும் வேலிக்கும், பயிர் இழப்புக்கும், உயிர் இழப்புக்கும் உரிய தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகே லாரியைக் கிளப்ப வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் யானைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.