கூந்தலுக்கு ஒரு படுக்கை

"அக்கா, பட்டுத் தலையணை உறையில் படுத்தால் முடி கொட்டாதாமே, நிஜமா? எனக்கு இடுப்புக்குக் கீழே வரை முடி. குழந்தைக்கு நாலு மாசம். சீப்பை எடுத்தாலே கை நிறைய வருகிறது. ஒரு உறை வாங்கலாம் என்றால், விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் சிரிக்கிறார்" என்று அரியலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

பாதி நிஜம், பாதி பொய். எந்தப் பாதி நிஜம் என்று தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், கவலையும் குறையும்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். காலையில் தலையணையிலும் சீப்பிலும் இருக்கிற முடிகளை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். கறுப்புத் தலையணை உறையானால் அதன் மேலேயே பார்க்கலாம். முடியின் ஒரு முனையில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரிகிறதா? அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது என்றால், அது நடுவில் உடைந்த முடி. உதிர்வது வேறு, உடைவது வேறு. பட்டும் சாட்டினும் உடைவதைத்தான் குறைக்கும். உதிர்வதை அவை ஒன்றும் செய்யாது.

முடி ஏன் உடைகிறது?

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளர்கிறது. அப்படியானால் இடுப்பைத் தொடுகிற கூந்தலின் நுனிக்கு ஐந்து, ஆறு வயசு ஆகிறது! ஐந்து வருஷம் நாம் தினமும் உடுத்தித் துவைத்த புடவை எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். நுனி முடி அவ்வளவு அடிபட்டுத்தான் இருக்கும்.

முடியின் மேல்தோல் மீன் செதிள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சொரசொரப்பான துணியில் இரவெல்லாம் புரண்டால் செதிள் கிளம்பிவிடும். பக்கத்து முடியோடு மாட்டிக்கொள்ளும், சிக்கு விழும். காலையில் அவசரத்தில் அந்தச் சிக்கை இழுக்கிறோமே, அப்போதுதான் படக்கென்று அறுகிறது.

நம் பக்கத்துப் படுக்கையைப் பாருங்கள். பெரம்பலூர் சீமை பருத்தி விளைகிற பூமி. இலவம்பஞ்சுத் தலையணைக்குப் பருத்தி உறை போட்டு, அதற்கு மொடமொடவென்று சாதக் கஞ்சியும் போட்டுவிடுகிறோம். கீழே கோரைப் பாய். வெயில் காலத்தில் வாசலில் கயிற்றுக் கட்டில். கஞ்சி போட்ட உறை பார்வைக்கு அழகுதான், ஆனால் கூந்தலுக்கு அது உப்புத்தாள். இன்றைக்கே செய்யக்கூடிய முதல் வைத்தியம் இதுதான்: புடவைக்குக் கஞ்சி போடுங்கள், தலையணை உறைக்கு வேண்டாம். இதற்குக் காசே செலவில்லை.

பருத்தி விளைகிற ஊரில் இருந்துகொண்டு பருத்தியைக் குறை சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். குறை இல்லை, குணம். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு அங்குல நீளம்தான். அத்தனை சின்ன இழைகளை முறுக்கித்தான் நூல் ஆகிறது. அவற்றின் முனைகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நமக்கு வியர்வையை உறிஞ்சிச் சுகம் தருகிறது. பட்டு அப்படியல்ல. ஒரு கூட்டிலிருந்து வருகிற இழை அறுபடாமல் பல நூறு மீட்டர் ஓடும். நீட்டுகிற முனையே இல்லாததால்தான் அந்த வழவழப்பு.

சாட்டின் என்றால்?

கடையில் "பட்டு மாதிரியே இருக்கும்மா" என்று எடுத்துப் போடுவார்கள். பட்டு என்பது இழையின் பெயர்; சாட்டின் என்பது நெசவின் பெயர். நூல்கள் அடிக்கடி மேலும் கீழும் போகாமல் நீளமாக மேலேயே மிதக்கும்படி நெய்தால் சாட்டின். முன்னே அதைப் பட்டில் நெய்தார்கள். இப்போது மலிவாகக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர். முடி வழுக்கிக்கொண்டு போவதற்கு அதுவும் போதும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை, வைகாசியில் கரண்ட் போன ராத்திரி அதில் தலை வைத்துப் பாருங்கள், பின்கழுத்தெல்லாம் கசகசவென்று ஆகிவிடும். மார்கழி, தைக்கு அது சரி. கோடைக்குப் பட்டோ, பழகி மெத்தென்று ஆன மல் துணியோதான் லாயக்கு.

இது ஏதோ புது மோஸ்தர் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் தங்கள் சுருட்டை முடி உடையாதிருக்கப் பட்டு, சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுப்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஜப்பான் அரசவைப் பெண்களுக்குத் தரையைத் தொடுகிற கூந்தல். படுக்கும்போது அதைச் சுருட்டித் தலைமாட்டில் ஒரு தட்டையான பெட்டிக்குள் வைத்துக்கொள்வார்களாம்.

அந்த ஜப்பான்காரிக்குத் தெரிந்த ஒன்று, உறை விற்கிற கடைக்காரருக்குத் தெரியவில்லை. தலையணை உறை காப்பாற்றுவது தலையை ஒட்டின முடியைத்தான். நீளக் கூந்தல்காரிகளுக்குப் பின்னல் எங்கே கிடக்கிறது? தலையணையைத் தாண்டி, பாயிலோ, கட்டில் கயிற்றிலோ, முதுகுக்கு அடியிலோ! ஐந்து வயசான நுனிதான் அங்கே நசுங்குகிறது. ஆகவே உறை தலையணைக்கு மட்டும் போதாது, பின்னலுக்கும் வேண்டும்.

பழைய பட்டிலேயே தைக்கலாம்

எந்த வீட்டுப் பெட்டியிலும் மடிப்பில் விட்டுப்போன பட்டுப்புடவை ஒன்று இருக்கும். தெருவில் பழைய பட்டு வாங்க வருகிறவர்களுக்கு ஜரிகைதான் குறி. கரையையும் முந்தானையையும் வெட்டி அவர்களுக்கே போடுங்கள். ஜரிகை முடியைப் பிடித்து இழுக்கும், நமக்கு ஆகாது. உடல் பகுதி நமக்கு. கல்யாணக் கூறையை மட்டும் தொடாதீர்கள், மாமியார் என்னைத் திட்டுவார்!

தலையணை உறைக்கு: 26 அங்குல நீளம், 16 அங்குல அகலமுள்ள தலையணை என்றால், 60 அங்குல நீளம், 18 அங்குல அகலத்துக்குப் பட்டை வெட்டுங்கள். பழைய பட்டு சீக்கிரம் கிழியும். அதனால் அதே அளவுக்கு மல் துணி வெட்டி அடியில் கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓரம் மடித்துத் தையுங்கள். மல் வியர்வையை வாங்கிக்கொள்ளும், உறையும் தலையணையிலிருந்து நழுவாது. ஆறு அங்குலம் உள்ளே மடங்குகிற மாதிரி விட்டுவிட்டால் பட்டன் தேவையில்லை. தையல் எல்லாம் உள்பக்கம் இருக்க வேண்டும்.

பின்னல் உறைக்கு: 6 அங்குல அகலம், உங்கள் பின்னலின் நீளத்தைவிட 3 அங்குலம் கூடுதல். இரண்டாக மடித்து நீளவாக்கில் தைத்து, ஒரு முனையை மூடிவிடுங்கள். பாவாடை நாடா கோக்கிற குழாய் மாதிரி இருக்கும். மேல் முனைக்கு ஒரு பிரஸ் பட்டன் போதும். நாடா வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

சோடா உப்பு, காரமான சோப்பு எதுவும் பட்டுக்கு ஆகாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒரு முறையாவது துவைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் நெற்றியில் பரு வரும்.

படுக்கப் போகுமுன்

ஈரத் தலையோடு படுக்காதீர்கள். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், சீக்கிரம் அறும். குழந்தை தூங்கின பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் தலை குளிக்க நேரம் கிடைக்கிறது என்றால், மறுநாள் மத்தியானம் குளித்துக்கொள்ளுங்கள்.

நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள். உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தேய்த்து நுனிக்கு மட்டும் தடவுங்கள். தேங்காயெண்ணெய் முடிக்கு உள்ளேயே ஊறிப் புரதச் சேதத்தைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை என்று மும்பையில் ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தார் 2003இல் எழுதினார்கள். பாட்டி கைவைத்தியம் ஜெயித்தது!

பிறகு தளர்வாக ஒரே பின்னல். இறுக்கிப் பின்னினால் நெற்றி ஓரத்து முடி வேரோடு வரும். நுனியைக் கட்ட ரப்பர் பேண்ட் வேண்டாம், துணிக் கிழிசல் போதும்.

இன்னொன்று, நம் தண்ணீர். அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த சுண்ணாம்பு மண். சிமெண்டு ஆலைகள் வந்ததே அதனால்தான். பல ஊர்களில் வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு சோப்போடு சேர்ந்து முடியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டில் படுத்தும் சிக்கு விழும். தலைக்குச் சோப்பு போடாதீர்கள். கடைசி அலசலுக்குக் காய்ச்சி ஆறித் தெளிந்த தண்ணீர் இரண்டு செம்பு எடுத்து வையுங்கள்.

வெள்ளைக் குமிழ் தெரிந்தால்

இப்போது அரியலூர் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் வழக்கமாக உதிர வேண்டிய முடி உதிராமல் நின்றுவிடும். "வயிற்றில் பிள்ளை வந்ததும் எவ்வளவு அடர்த்தி பார்!" என்று எல்லோரும் கண் வைப்பார்களே, அந்த அடர்த்தி இதுதான். பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில், நின்றிருந்த முடி எல்லாம் மொத்தமாக உதிரத் தொடங்கும். அநேகருக்கு ஒரு வருஷத்துக்குள் பழையபடி ஆகிவிடும். பட்டு இதை நிறுத்தாது. எந்தத் தைலமும் நிறுத்தாது. பயப்படாமல் காத்திருங்கள்.

ஆனால் களைப்பு, மூச்சு வாங்குதல், நகம் வெளுத்துப் போதல் இவையும் கூட இருந்தால் காத்திருக்காதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகைக்காரர்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டு உறைக்குப் பணம் சேர்ப்பதில் என்ன லாபம்? ஒரு வருஷம் ஆகியும் உதிர்வது நிற்கவில்லை என்றால் இரத்தத்தையும் தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை

நாடா வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான். கைக்குழந்தையின் பக்கத்தில் கழுத்தில் சுற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அதனால் பின்னல் உறையைப் போட்ட பிறகு, பின்னலை அப்படியே தொங்கவிடாமல் உச்சியில் தளர்வாகச் சுருட்டி முடிந்துகொள்ளுங்கள். ஒரு வயசு வரை குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். பட்டு என்றாலும் வேண்டாம். வழுக்குகிற சாட்டின் விரிப்பிலும் போடாதீர்கள்.

இன்னும் முக்கியமானது, உதிர்கிற ஒற்றை முடி. தாய்க்கு முடி கொட்டுகிற அதே மாதங்களில், அந்த முடி குழந்தையின் கால் விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு இறுகிவிடுவது உண்டு. விரல் வீங்க வீங்க முடி உள்ளே புதைந்து கண்ணுக்கே தெரியாது. குழந்தை பால் குடிக்காமல் வீறிட்டுக்கொண்டே இருக்கும். "உரம் விழுந்திருக்கு", "கண்ணேறு" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காரணம் தெரியாமல் குழந்தை அழுதால், விளக்கைப் போட்டுச் சாக்ஸ், கையுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பையும் பாருங்கள். முடியின் முனை தெரிந்தால் மெல்லப் பிரித்து எடுங்கள். விரல் சிவந்து வீங்கி, முடி பிடிபடவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரத்த ஓட்டம் நின்றால் விரலுக்கே ஆபத்து.

குழந்தைத் துணிகளை உட்புறம் திருப்பி உதறிவிட்டுப் போடுங்கள். ராத்திரி கூந்தலை முடிந்து மூடிக்கொள்வது உங்கள் அழகுக்கு மட்டுமல்ல, அந்தப் பிஞ்சு விரல்களுக்கும் காவல்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் படுக்கும்போது கூந்தலை எப்படி முடிந்துகொண்டார்கள்? கேட்டு எழுதுங்கள் சகோதரிகளே, நல்ல யோசனைகளை இந்தப் பகுதியிலேயே பகிர்ந்துகொள்ளலாம்.