கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்னால்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் என் மைத்துனர் மகன் போன் செய்தான். ஒரே ஒரு பேக்கோ லோடரை வைத்துக்கொண்டு மண் வேலை எடுத்துச் செய்பவன். ஊரில் எல்லோரும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த மஞ்சள் வண்டிதான். பழைய வண்டியாக வாங்கினான். மாதத் தவணை இன்னும் முடியவில்லை.

“மாமா, வண்டி இழுக்க மாட்டேங்குது. மண்ணுல முட்டினா திணறுது. மெக்கானிக் பார்த்துட்டு டார்க் கன்வெர்ட்டர் போயிடுச்சுங்கறார். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் குறையாதாம். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிடட்டுமா?”

“இறக்காதே மாப்பிள்ளை. ஒரு நாள் பொறு, நான் வர்றேன்” என்றேன்.

நான் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தின் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். மண் சுமக்கும் டம்பர் லாரிகளின் அடியில்தான் என் காலம் போனது. சாதாரண லாரியில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கும். டம்பரில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றிலேயே மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதிலாக ஆயிலை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கன்வெர்ட்டர். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு சக்கரம் இருக்கும். திரும்பி வரும் ஆயிலை அது சரியான பக்கம் திருப்பிவிடுவதால், வண்டி கிளம்பும்போது இழுவை பெருகுகிறது. ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானிய என்ஜினியர் 1905-இல் கப்பலுக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

சாமான் என்னவோ ஒரு பெரிய இட்லிக் குண்டான் அளவுதான். ஆனால் அது இருக்கும் இடம் அப்படி. டம்பரில் அதைத் தொட வேண்டுமானால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். தொட்டியைத் தூக்கிப் பாதுகாப்பு பின் மாட்ட வேண்டும். ஆயிலை வடித்து, ஷாஃப்டைக் கழற்றி, ஒவ்வொரு ஹோஸையும் அவிழ்த்துத் தூசி புகாமல் வாயை அடைக்க வேண்டும். அப்புறம்தான் கியர்பாக்ஸைக் கிரேனில் கட்டி, அங்குலம் அங்குலமாக இறக்க முடியும். பிறகு இதே வேலை தலைகீழாக.

ஆகவே என் கட்சி இதுதான்: செலவு சாமானில் இல்லை, திறப்பதில் இருக்கிறது. அதனால் சோதிக்காமல் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் கஞ்சத்தனம் கூடாது.

முதல் பாதிக்கு மைத்துனர் மகன் வண்டியே சாட்சி. மறுநாள் போய் முதலில் ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன், கருகிய வாடை இல்லை, பொடியும் இல்லை. பிறகு ஸ்டால் டெஸ்ட். முன்னால் ஆள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேனுவல் சொல்லும் கியரில் போட்டு, சில வினாடிகள் மட்டும் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து என்ஜின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. அதிக நேரம் பிடித்தால் ஆயில் கொதித்துவிடும். சுற்று மேனுவலில் உள்ளதைவிட அதிகம் என்றால் கியர்பாக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது. மிகவும் குறைவு என்றால் ஸ்டேட்டர் மீது சந்தேகம். கொஞ்சம் குறைவு என்றால் பெரும்பாலும் என்ஜினிலேயே பலம் இல்லை.

கொஞ்சம்தான் குறைவாக இருந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே சேறு. டேங்கிலிருந்து வரும் ஹோஸும் வெடித்துக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினோம். மதியமே வண்டி ஏரியில் வண்டல் அள்ளப் போய்விட்டது.

அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும் அரை நாளுக்கு யாரும் அவருக்குக் காசு கொடுப்பதில்லை. கழற்றி மாட்டினால்தான் கூலி. “சும்மா பார்த்ததற்கு எதற்குப் பணம்?” என்று கேட்பவர்கள் நாம்தான். ஐந்து நாள் வண்டி நின்றிருந்தால், நாளுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் நாற்பதாயிரம் போயிருக்கும். பார்த்துச் சொல்பவருக்கு ஐந்நூறு, ஆயிரம் கொடுக்க மட்டும் மனசு வருவதில்லை.

இரண்டாவது பாதிக்கு என்னைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இதை இதுவரை எழுதியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டம்பரின் கன்வெர்ட்டர் நிஜமாகவே உடைந்துபோனது. புதிது வந்து சேரவே பல வாரம் ஆனது. வந்த அன்றே மேலிடத்திலிருந்து உத்தரவு: ராத்திரி ஷிஃப்டுக்கு வண்டி வேண்டும். உள்ளே ஒரு கன்வெர்ட்டர் உடைந்தால் அதன் அலுமினியப் பொடி ஆயிலோடு சேர்ந்து கூலர் வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கும். கூலரைக் கழற்றிக் கழுவ வேண்டும், முடியாவிட்டால் மாற்ற வேண்டும். எனக்கு அது தெரியும். அதற்கு இன்னொரு நாள் ஆகும் என்பதும் தெரியும்.

“சார், கூலரை இறக்கிடலாமா?” என்று கேட்டவன் ஒப்பந்த ஹெல்பர் பையன். “வேண்டாம், ஹோஸை மட்டும் ஊதி மாட்டு” என்றேன்.

மூன்றாவது வாரம் அதே டம்பர் ஆயில் சூடு சிவப்பைத் தொட்டு நின்றது. வடித்த ஆயிலில் வெள்ளிப் பொடி மினுமினுத்தது. புது கன்வெர்ட்டரும் போச்சு. விசாரணை வந்தது. “சுத்தம் செய்ததில் குறை” என்று அறிக்கையில் எழுதினேன். அது பொய் இல்லை. யார் சொல்லிக் குறை வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. அடுத்த மாதம் அந்தப் பையனுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இரண்டு பெண்கள், வீட்டுக் கடன் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்கும் வீடு இருந்திருக்கும்.

மிச்சம் பிடித்த ஒரு நாளுக்கு விலை கொடுத்தவன் அதை மிச்சம் பிடித்தவன் இல்லை. மேலே அவசரப்படுகிறவர்கள், நடுவில் தலையாட்டுகிறவர்கள், கடைசியில் ஸ்பேனர் பிடித்திருப்பவன் தலையில் விடிகிறது. பணிமனையில் மட்டும்தான் இப்படி என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே பிள்ளைகள் வண்டி வைத்திருந்தால் இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள். பார்த்துச் சொல்கிறவருக்குக் கூலி கொடு. திறந்த பிறகு, கழுவ ஒரு நாள் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் பேரம் பேசாதே.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் நேரில் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.