எழுத்தாளனைச் சாமியாக்காதீர்!

கல்லைச் சாமியாக்கினால் கல்லுக்கு ஒரு நஷ்டமுமில்லை, கும்பிடுகிறவனுக்குத்தான் நஷ்டம். ஆனால் எழுதுகிற மனிதனைச் சாமியாக்கினாலோ, கும்பிடுகிறவனும் கும்பிடப்படுகிறவனும் ஆகிய இருவருமே பாழாய்ப் போகிறார்கள் என்று சொல்லுகிறோம்.

இதற்கு மேனாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுவோம். அமெரிக்காவில் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு என்பவர் 1920ல், தமது 23-வது வயதில், முதல் நாவலை வெளியிட்டுப் பெரும் பேர் பெற்றார். வாலிபர்களின் காதலையும் களியாட்டத்தையும் அவர் எழுத, ஜனங்கள் அதையே மேலும் மேலும் கேட்டார்கள். சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை 1929ல் அவருக்குக் கதை ஒன்றுக்கு 4,000 டாலர் கொடுத்தது. அந்த ஒரு பத்திரிகைக்கு மாத்திரம் அவர் 60 கதைகளுக்கு மேல் எழுதினார். ஆனால் அவர் பெரிதும் பாடுபட்டு எழுதி 1925ல் வெளியிட்ட 'கேட்ஸ்பி' நாவலோ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அதற்கடுத்த நாவல் வெளிவர 9 வருஷம் ஆயிற்று. இடையில் அவரைத் தின்றவை இரண்டு: ஒன்று, பணத்துக்காக எழுதிய கதைகள், மற்றொன்று குடி.

இந்தக் கோயிலின் லட்சணத்தைப் பாருங்கள்! எழுத்தாளன் விக்கிரகம், வாசகன் பக்தன், பத்திரிகை முதலாளி பூசாரி, சந்தாப் பணம் உண்டியல். விக்கிரகம் வைத்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்பதுதானே கோயில் சட்டம்? 1929க்குப் பின் தொழில் மந்தம் வந்து ஜனங்களின் ருசி மாறியது. உடனே பக்தர்கள் வேறு கோயிலுக்குப் போய்விட்டார்கள். 1936ல் அவர் தமது மனமுறிவை ஒளிக்காமல் கட்டுரைகளாக எழுதியபோது, சக எழுத்தாளர்களே முகம் சுளித்தார்கள். 1940 டிசம்பர் 21ந் தேதி, 44-வது வயதில், எழுதிக்கொண்டிருந்த நாவலை முடிக்காமலே மாண்டார். 1945ல் அதே 'கேட்ஸ்பி' நாவலை லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டு அமெரிக்கப் படைவீரர்களுக்கு வழங்கினார்கள். செத்தவனுக்கு அதனால் என்ன லாபம்?

"குடித்தால்தான் கற்பனை பிறக்கும், கலைஞன் அப்படித்தான் இருப்பான்" என்று சில புத்திசாலிகள் சொல்லுகிறார்கள். கள் உள்ளே போனால்தான் சாமி வரும் என்று சொல்லும் சாமியாடிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? பெரிய நூலொன்றை ஒழுங்குபடுத்தும் வேலைக்கும் மதுவுக்கும் ஒத்துவராது என்று 1935ல் தமது பதிப்பாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் பிட்ஸ்ஜெரால்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். குடித்தவரே இல்லை என்கிறார். குடிக்காமல் வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆம் என்கிறார்கள்! குடிப்பழக்கம் ஒரு வியாதி. அதற்கு வேண்டியது வைத்தியமே தவிர ஸ்தோத்திரமல்ல.

"வாசகன் காசு கொடுக்கிறான், அவன் கேட்டதைக் கொடுப்பதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். காசு கொடுக்கிறவன் பத்திரிகையை வாங்கலாம். எழுதுகிறவனின் புத்தியை வாங்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது?

தோழர்களே! இது எங்கோ அமெரிக்கக்காரன் சங்கதி என்று இருந்துவிடாதீர்கள். நமது மேடையில் ஒருவர் புராணத்தைக் கிண்டல் செய்தால் கொட்டகை அதிரக் கைதட்டுகிறோம். அவரே, "உன் மகளுக்குச் சொத்தில் பங்கு கொடுத்தாயா? உன் மகனுக்கு ஜாதி பார்க்காமல் கலியாணம் செய்தாயா?" என்று கேட்டால் கொட்டகை கப்சிப் என்றாகிவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் அவர் எதைப் பேசுவார்? கைதட்டும் ஒரு போதைதானே! கேள்வியை விட்டுவிடுவார், கிண்டலை மாத்திரம் வைத்துக்கொள்வார். அப்புறம் நமது மேடைக்கும் கதாகாலட்சேபத்துக்கும் என்ன பேதம்?

ஆகவே, எழுதுகிறவர்கள் கைதட்டலுக்கும் குடிக்கும் தங்கள் புத்தியை அடகு வைக்கக்கூடாது. வாசிக்கிறவர்களும் தங்களுக்குப் பிடிக்காததை ஒருவன் எழுதினால், சந்தாவை நிறுத்துவதற்கு முன், அவன் சொல்வது நிஜமா பொய்யா என்று ஒரு தரம் யோசிக்க வேண்டும். பிடித்ததையே திரும்பத் திரும்பக் கேட்பது பஜனை மடத்து வேலை. பகுத்தறிவுக்காரர்களுக்கு அது அழகல்ல.