தோற்ற கட்சி எழுந்துவிடும், பறிபோன உரிமை?

அமெரிக்காவில் ஓர் இடைக்காலத் தேர்தல் வந்துவிட்டால் போதும், அந்நாட்டுப் பெரும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டந்தான். எந்தக் கட்சி பிழைக்கும், எந்தக் கட்சி செத்தது என்று ஜாதகம் கணிக்க உட்கார்ந்துவிடுகின்றன. 2026 நவம்பர் 3-ந் தேதித் தேர்தலைச் சுற்றியும் இதே ஆரூடந்தான். நாமும் அந்த ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். ஆனால் நமது கேள்வி வேறு. கட்சிகளின் கதி என்ன என்பது அவர்கள் கேள்வி. உழைப்பவன் கதி என்ன என்பது நமது கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

“எங்கோ நடக்கும் தேர்தல் நமக்கு எதற்கு?” என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் சர்க்கார் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது 50 சதவிகித வரி போட்டபோது, திருப்பூரில் பனியன் தைக்கும் தொழிலாளிக்கு இந்தக் கேள்விக்கான பதில் கிடைத்துவிட்டது. அங்கே ஆள்பவர் யார், அவரைத் தட்டிக் கேட்பவர் யார் என்பது இங்கே நம் வீட்டு உலை கொதிப்பதையும் தொடுகிற விஷயம்.

முதலில் விவரத்தைத் தெரிந்து கொள்வோம். அமெரிக்க ஜனாதிபதிக்குப் பதவிக் காலம் 4 ஆண்டு. பிரதிநிதிகள் சபைக்கு 2 ஆண்டு. செனட்டர்களுக்கு 6 ஆண்டு. ஆகவே ஜனாதிபதியின் காலம் பாதி கழியும்போது, பிரதிநிதிகள் சபையின் 435 ஸ்தானங்களுக்கும், 100 பேர் கொண்ட செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல் வருகிறது. 36 மாநிலங்களில் கவர்னர் தேர்தலும், மிகப் பல மாநிலங்களில் சட்டசபைத் தேர்தலும் அதே நாளில்தான். இதுவே இடைக்காலத் தேர்தல்.

இந்தத் தேர்தலில் அடி வாங்குவது யார்? இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பின், 1946 முதல் 2022 வரை 20 இடைக்காலத் தேர்தல்கள் நடந்தன. 1998, 2002 ஆகிய இரண்டைத் தவிர மற்ற 18 தேர்தல்களிலும் ஜனாதிபதியின் கட்சி பிரதிநிதிகள் சபையில் ஸ்தானங்களை இழந்தது. அது ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா என்பது பொருட்டே இல்லை. விலைவாசியாலும் வேலையின்மையாலும் குமுறும் ஓட்டர், கைக்கு அகப்பட்ட கம்பை எடுத்து ஆள்வோர் முதுகில் ஒரு போடு போடுகிறார். அடிபட்டவர் மீது அவருக்குக் கோபம் என்பது நிச்சயம். ஆனால் அடிபடாதவர் மீது அன்பு என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்தச் சின்ன உண்மையை இரண்டு கட்சிகளும் திரும்பத் திரும்ப மறக்கின்றன. 1994-ல் குடியரசுக் கட்சி 54 ஸ்தானங்களைக் கூடுதலாகப் பிடித்து, 40 ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. கிளின்டன் கதை முடிந்தது என்றார்கள். 1996-ல் கிளின்டனே மீண்டும் ஜனாதிபதி! 2010-ல் அதே கட்சி 63 ஸ்தானங்களைக் கூடுதலாகப் பிடித்தது. ஒபாமா தொலைந்தார் என்றார்கள். 2012-ல் ஒபாமாவே மீண்டும் ஜனாதிபதி! கோபத்தில் விழுந்த ஓட்டைக் காதல் கடிதமாக வாசித்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

2022-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு ஜூனில் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 9.1 சதவிகிதம் ஏறி நின்றது. “சிவப்பு அலை” அடிக்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. (அங்கே சிவப்பு என்பது குடியரசுக் கட்சியின் நிறம், நம் சிவப்பு அல்ல!) அலை வரவில்லை. கருக்கலைப்பு உரிமையைச் சுப்ரீம் கோர்ட் அந்த ஜூன் மாதத்தில் பறித்திருந்தது. அதனால் பெண்கள் கொண்ட கோபமும் ஓட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையை 222-க்கு 213 என்று மயிரிழையில் பிடித்தது. செனட் ஜனநாயகக் கட்சியிடமே நின்றது. பார்த்தார்கள் அக்கட்சித் தலைவர்கள். மக்கள் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தார்கள். பைடனே மீண்டும் நிற்பது என்று முடிவாயிற்று. 2024 ஜூலையில் அவர் விலக நேர்ந்தது. நவம்பரில் டிரம்ப் வென்றார். தண்டனை தள்ளி வைக்கப்பட்டதை விடுதலை என்று நினைத்தார்கள். அதுதான் நடந்த பிழை.

கட்சி செத்தது என்ற ஆரூடமாவது பலித்ததா? 1964-ல் குடியரசுக் கட்சியின் அபேட்சகர் கோல்டுவாட்டர் 50 மாநிலங்களில் 44-ல் தோற்றார். அக்கட்சிக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தே விட்டார்கள். 1966 இடைக்காலத் தேர்தலில் அது 47 ஸ்தானங்களைக் கூடுதலாகப் பிடித்தது. 1968-ல் நிக்சன் ஜனாதிபதியானார். வாட்டர்கேட் ஊழல் நாறிய பின் 1974-ல் மறுபடியும் அடிபட்டது. 1980-ல் ரீகனோடு எழுந்து வந்தது. எழாமல் என்ன செய்யும்? ஆட்டத்தில் இருப்பதோ இரண்டே கட்சிகள். ஒன்றை அடிக்க வேண்டுமானால் மற்றொன்றைத் தூக்கியே ஆக வேண்டும். கோடீசுவரர்களின் பணமும் இரண்டு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறது. ஆகவே இந்த இரண்டு கட்சிகளின் எதிர்காலம் பற்றி நாம் உறக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டியதில்லை.

உறக்கத்தைக் கெடுக்க வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. தேர்தலில் தோற்ற கட்சி இரண்டாண்டில் எழுந்துவிடுகிறது. அந்த இரண்டாண்டுக்குள் பறிபோன உரிமை எழுந்திருக்கிறதா? இதைத்தான் பார்க்க வேண்டும்.

1934-ல் பொருளாதார நெருக்கடியின் நடுவே இடைக்காலத் தேர்தல் வந்தது. அந்த ஆண்டு சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்திலும், மினியாபொலிஸ் லாரித் தொழிலாளரிடையேயும், டொலிடோ நகரிலும் மாபெரும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. தேர்தலில் ரூஸ்வெல்ட்டின் கட்சி வழக்கத்துக்கு மாறாக பலம் கூடி வந்தது. 1935-ல் வாக்னர் சட்டம் பிறந்தது. யூனியன் அமைப்பதும் கூட்டாகப் பேரம் பேசுவதும் தொழிலாளியின் உரிமை என்று சட்டம் ஒப்புக்கொண்டது. 1937 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் நகரில், 44 நாள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிய மோட்டார்த் தொழிலாளருக்கு ஜெனரல் மோட்டார்ஸ் பணிந்தது. தெருவும் ஓட்டுப் பெட்டியும் ஒரே திசையில் இழுத்தன. தேர் நகர்ந்தது.

1946-க்கு வருவோம். யுத்தம் முடிந்து விலை ஏறியது. கூலி உயர்வு கேட்டு உருக்கு, நிலக்கரி, ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடையில் இறைச்சி கிடைக்கவில்லை. “பட்டது போதாதா?” என்று குடியரசுக் கட்சி கேட்டது. ஆள்வோர் மீது ஆத்திரம் கொண்டவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அக்கட்சி இரு சபைகளையும் பிடித்தது. பிடித்த மறு ஆண்டே டாப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. யூனியனில் சேர்ந்தவருக்கே வேலை என்ற ஒப்பந்தத்தைத் தடை செய்தது. அனுதாப பகிஷ்காரத்தைத் தடுத்தது. பெரிய வேலைநிறுத்தங்களைக் கோர்ட் உத்தரவால் 80 நாள் நிறுத்தி வைக்க ஜனாதிபதிக்கு வழி செய்தது. யூனியன் நிர்வாகிகள் தாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றது. இந்தச் சத்தியப் பத்திரம் பிற்பாடு ஒழிந்தது, சட்டம் ஒழியவில்லை.

ஜனாதிபதி ட்ரூமன் அந்தச் சட்டத்தை நிராகரித்தார். நிராகரிப்பைப் பிரதிநிதிகள் சபை 331-க்கு 83 என்றும், செனட் 68-க்கு 25 என்றும் தூக்கி எறிந்தன. அந்த 331 பேரில் ட்ரூமனின் சொந்தக் கட்சிக்காரர்கள் 106 பேர்! 1948-ல் ட்ரூமன் வென்றார். அவர் கட்சி இரு சபைகளையும் திரும்பப் பிடித்தது. கட்சி எழுந்துவிட்டது. சட்டம்? அப்படியே நின்றது. 1965-ல் அதன் ஒரு பிரிவையாவது நீக்கப் பார்த்தார்கள். செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 68 பேர் இருந்தும், அந்த மசோதா பேசிப் பேசியே கொல்லப்பட்டது. ஓர் இடைக்காலத் தேர்தல் போட்ட முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

நீக்க முடியாத அந்தப் பிரிவுக்கு “வேலை செய்யும் உரிமை” என்று பெயர். பெயரில் சர்க்கரை, உள்ளே எட்டிக்காய்! யூனியன் வாங்கித் தரும் கூலி உயர்வையும் பாதுகாப்பையும் அனுபவிக்கலாம். சந்தா கொடுக்க வேண்டியதில்லை என்று மாநிலங்கள் சட்டம் போட அது இடம் தருகிறது. சந்தா இல்லாவிட்டால் யூனியன் எத்தனை நாள் நிற்கும்? 26 மாநிலங்களில் இந்தச் சட்டம் இருக்கிறது.

2010-ல் கம்பு எடுத்தவர்களின் கதையும் இதுவே. அந்தத் தேர்தலில் விஸ்கான்சின் மாநிலக் கவர்னரானவர் ஸ்காட் வாக்கர். 2011-ல் அரசு ஊழியர் பெரும்பாலோரின் பேரம் பேசும் உரிமையை அவர் வெட்டினார். ஊழியர்கள் மாடிசன் நகரில் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே குடியேறிப் போராடியும் பலிக்கவில்லை. 2018-ல் அவர் தோற்றார். அவர் போட்ட சட்டம் அவரோடு போகவில்லை. 2012 டிசம்பரில், பிளிண்ட் வீரர்கள் பிறந்த அதே மிச்சிகனில், சந்தா ஒழிப்புச் சட்டம் வந்தது.

ஆனால் மிச்சிகன் தொழிலாளர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தொகுதிகளின் எல்லையை ஆளும் கட்சி தன் வசதிக்கு வளைத்துப் போட்டிருந்தது. அந்த அதிகாரத்தைச் சுயேச்சையான குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இயக்கம் எழுந்தது. கூலிக்கு ஆள் பிடிக்காமல், தொண்டர்களே தெருத் தெருவாகச் சென்று 4 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கினார்கள். 2018-ல் மக்கள் ஓட்டில் அது நிறைவேறியது. புது எல்லைகளின்படி நடந்த 2022 தேர்தலில், சுமார் 40 ஆண்டுகளுக்குப் பின் கவர்னர் பதவியும் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியிடம் ஒருசேர வந்தன. 2023 மார்ச்சில் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. 1965-ல் இந்தியானா செய்த பின், வேறெந்த மாநிலமும் செய்யாத காரியம் இது. ஒரு தேர்தலில் இழந்ததை மீட்கப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு!

இதோடு கதை சுபம் என்று எழுதிவிட்டால் தோழர்களை ஏமாற்றியதாகும். 2024-ல் அதே மிச்சிகன் டிரம்ப்புக்கு ஓட்டளித்தது. மாநிலக் கீழ்ச் சபையும் குடியரசுக் கட்சியிடம் போயிற்று. ஏன்? சங்க உரிமை வந்தது சரி. ஆனால் முட்டையும் வாடகையும் எட்டாத விலையில் நின்றன. சங்கங்களுக்கு வலுவூட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 2020-லும் 2021-லும் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. 2021-ல் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில்தான் இருந்தன. தொழிலாளி பெயரால் ஓட்டு வாங்கி, தொழிலாளி மசோதாவை உறங்க வைத்தால் ஓட்டர் எத்தனை முறை பொறுப்பார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. நாடு தழுவிய விடுமுறை கிடையாது. 2014 இடைக்காலத் தேர்தலில் ஓட்டுரிமை உள்ளவர்களில் சுமார் 36 சதவிகிதத்தினரே ஓட்டளித்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அவ்வளவு குறைந்ததில்லை. வராதவர்களில் அதிகம் பேர் இளைஞர்கள், ஏழைகள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வரிசையில் நிற்பவன், இரண்டாண்டு கழித்து “இது சின்னத் தேர்தல்தானே” என்று வீட்டிலிருக்கிறான். முதலாளி அன்றும் வீட்டிலிருப்பதில்லை. சின்னத் தேர்தலில்தான் பெரிய சட்டங்களுக்குக் கால்கோள் விழா நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே, தோழர்களே, அமெரிக்கத் தேர்தல் முடிவு ஒன்று வெளியாகும்போது, யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்துப் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். ஜெயித்தவர் கையில் என்ன மசோதா இருக்கிறது என்று பாருங்கள். தோற்றவர் தோற்ற காரணத்தைப் படித்தாரா என்று பாருங்கள். கோபம் ஒரு நாளில் ஆட்சியை மாற்றிவிடும். பறிபோன உரிமையை மீட்பதோ, தேர்தல் இல்லாத நாட்களிலும் வீடு வீடாகப் படியேறுகிற தொண்டனால்தான் ஆகும். மிச்சிகன் காட்டியது அதைத்தான். அது எந்த நாட்டுத் தொண்டனுக்கும் பொருந்தும்.