சோம்பேறி என்று பட்டம் கட்டாதீர்கள்!

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் தென்காசிப் பக்கம் ஒரு வழக்கம். பிள்ளைகளை விடியற்காலையிலேயே எழுப்பி, "குளிச்சா நல்லாப் பசிக்கும், வந்து சாப்பிடலாம்" என்று வெறும் வயிற்றோடு குற்றாலத்துக்கு நடத்தியே கூட்டிப் போவார்கள். மெயினருவி முடித்து, அங்கிருந்து ஐந்தருவிக்கும் நடைதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது.

என் நாத்தனார் மகனுக்குப் பதினாலு வயது. ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வருவான். ஆனால் தொலைதூரம் நடந்தால் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். "ஓடத் தெரியுது, நடக்க முடியலையாக்கும்? நடிக்காதல!" என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஏச்சு. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. "சூடுதான், இளநீர் குடி" என்றார்கள். நல்லவேளை, அவன் அப்பா மதுரைக்குக் கொண்டுபோனார். கொழுப்பை எரித்துச் சக்தியாக்க உதவும் ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவு என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்தது. சிபிடி 2 குறைபாடு என்று பெயர். 1973-லேயே மருத்துவ உலகம் கண்டுகொண்ட நோய். அபூர்வம்தான், மறுக்கவில்லை.

சட்டென்று ஓடுவதற்குத் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை போதுமாம். நெடுநேரம் நடந்தாலோ, பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல், குளிர் என்றாலோ உடம்பு கொழுப்பைத்தான் நம்பியிருக்கும். இவர்களுக்கு அது எரியாது. தசை சிதைந்து, அதிலுள்ள சிவப்புச் சாயம் சிறுநீரில் இறங்கும். மிஞ்சினால் சிறுநீரகமே பழுதாகிவிடும். அருவித் தண்ணீர் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்லும் என் மாமியாருக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது!

தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. என் நாத்தனார் கட்டியது சொந்தத் தாய்மாமனை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். சொத்து வெளியே போகக் கூடாது என்று கட்டிவைத்த அதே உறவுக்காரர்கள், பிள்ளைக்கு ஒன்று என்றதும் "நீ பெத்த லட்சணம்" என்று பெண்ணை மட்டும் ஏசுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமனுக்கு அதில் பங்கில்லையா?

இப்போது அவனுக்கு எண்ணெய்ப் பலகாரம் குறைவு; இட்லி, சோறு, பழம் என்று அடிக்கடி ஏதாவது கொடுக்கிறோம். விரதம் கிடையாது. காய்ச்சல் என்றால் முழு ஓய்வு, உடனே டாக்டர். "வாய் ஓயாமத் திங்கான்" என்று அதற்கும் ஒரு பேச்சு! தைப்பூசத்துக்கு எல்லாரும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போக, இவன் மட்டும் பஸ்ஸில் போய் இறங்கினான். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

விளையாட்டு ஆசிரியர்களே, வலிக்கிறது என்று ஒரு பிள்ளை உட்கார்ந்தால், இன்னொரு சுற்று ஓடு என்று விரட்டாதீர்கள். தாய்மார்களே, பிள்ளையின் சிறுநீர் கறுத்துப் போனால் இளநீரோடு நிறுத்திவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தில் சி.கே. அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, தென்காசி.