பூனையின் வயதும் மனிதக் கணக்கும்

பூனையின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்னும் கணக்கு பரவலாக வழங்குகிறது, அது பொருந்தாது. முதலாண்டு முடிவில் பூனை ஏறத்தாழ 15 வயது மனிதரையும், இரண்டாமாண்டு முடிவில் 24 வயதினரையும் ஒக்கும். பின்னர் ஆண்டுக்கு நான்கு வயதே கூடும். ஆகவே 10 ஆண்டுப் பூனை 56 வயதினரைப் போல முதுமையை நெருங்கியதாகும்.

ஏழு மடங்குக் கணக்கின்படி ஆறுமாதக் குட்டி மூன்றரை வயதுக் குழந்தையே. உண்மையிலோ அது அதற்குள் சூல்கொள்ளவும் கூடும். இதனை அறியாமையால் வேண்டாத குட்டிகள் பெருகுதல் உண்டு. பாலக்காட்டுப் பறம்பிக்குளம், இடுக்கிச் சின்னாறு ஆகிய காடுகளை அடுத்த சிற்றூர்களில் அவை காட்டுப் பறவைகளையும் சிறு பிராணிகளையும் வேட்டையாட நேரும்.

ஆதலின், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும், ஐந்து மாதத்திற்குள் கருத்தடைச் சிகிச்சையும் செய்விக்குமாறு களப்பணியாளரும் ஆசிரியரும் இல்லந்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.