வாக்குக் கேட்ட சேனாதிபதி

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் படைத் தலைவராக விரும்புகிறவர் தேர்தலில் நின்று, ஜனங்களிடம் வாக்குக் கேட்டு, வென்றால்தான் தம் ஸ்தானத்தில் அமரலாம் என்ற விதி, 2014 வரையில் அம்மாநில அரசியல் சாசனத்தில் இருந்துவந்தது. அட்ஜுடன்ட் ஜெனரல் என்று பெயர் பெற்ற அந்த அதிகாரியே மாநிலத்தின் நேஷனல் கார்டு படைக்கு ஆளுநருக்கு அடுத்தபடியான அதிபதி. மற்ற 49 மாநிலங்களில் எங்கும் இல்லாத இந்த வழக்கத்தை அம்மக்கள் தங்கள் வாக்கினாலேயே நீக்கிக்கொண்டது மிகுந்த விவேகமான காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1792-ஆம் வருஷம் மே மாதத்தில் காங்கிரஸ் நிறைவேற்றிய மக்கட்படைச் சட்டத்தில்தான் இந்த உத்தியோகம் தேசம் முழுமைக்கும் விதிக்கப்பட்டது. 18 வயது நிறைந்து 45-ஐ எட்டாத, திடகாத்திரமான வெள்ளைக்கார ஆண் பிரஜை ஒவ்வொருவனும் தன் சொந்தச் செலவிலேயே ஒரு துப்பாக்கியும், அதன் முனையில் செருகும் கத்தியும், 2 உபரிச் சக்கிமுக்கிக் கற்களும், முதுகில் மாட்டும் பையும், குறைந்தது 24 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டியும் ஆறு மாதத்துக்குள் சேகரித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன அச்சட்டம், ஆட்கள் எத்தனை, ஆயுதங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணக்கெடுத்து, வருஷந்தோறும் ஆளுநருக்கு அறிக்கை அனுப்புவதற்காக மாநிலத்துக்கு ஓர் அட்ஜுடன்ட் ஜெனரலை ஏற்படுத்தியது. ஆதியில் இது பெரும்பாலும் பேரேடு எழுதும் வேலையே. யார் தயவையும் எதிர்பாராமல் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் என்ற நம்பிக்கைதான் அந்த ஸ்தானத்தின் கௌரவம். வாக்குக்காக ஊர் ஊராய் அலைகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். 1903-இல் வந்த டிக் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் பணமும் பயிற்சி விதிகளும் சேர்ந்து அவர் பொறுப்பு பன்மடங்கு பெருகிவிட்டது.

ஜேம்ஸ் டோஸியரைப் போன்ற வீரரைத் தந்ததும் அதே தென் கரோலினா அல்லவா என்று தேர்தல் முறையின் அபிமானிகள் கேட்கலாம். 1918 அக்டோபரில் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் தோளில் குண்டு பாய்ந்தும் தம் அணியை விட்டு அகலாமல், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஊர்ந்து சென்று தாக்கி மெடல் ஆஃப் ஆனர் பெற்ற அம்மனிதர், 1926 முதல் 1959 வரையில் அப்பதவியை வகித்தது உண்மையே. அவர் கிடைத்தது அம்மாநிலத்தின் பாக்கியம் என்பேனே தவிர, தேர்தலின் பெருமை என்று சொல்லமாட்டேன். கீழுள்ள அதிகாரி ஒருவர் தம் மேலதிகாரியை எதிர்த்து அடுத்த தேர்தலில் நிற்கக்கூடும் என்றால், அவர்கள் இருவரும் ஒரே முகாமில் எப்படி வேலை செய்வது?

நியமனம் மட்டும் போதும் என்றும் நான் கருதவில்லை. ஆளுநரின் நியமனத்தால் கொலராடோவின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்தவர் ஜான் சேஸ் என்ற கண் வைத்தியர். மதர் ஜோன்ஸ் என்ற முதிய தொழிலாளர் தலைவியைக் காவலில் வைத்ததைக் கண்டித்து, 1914 ஜனவரியில் டிரினிடாட் நகர வீதியில் பெண்களும் குழந்தைகளும் ஊர்வலம் வந்தபோது, குதிரையிலிருந்து தவறி விழுந்த அவரைக் கண்டு கூட்டம் நகைக்கவே, அவர் எழுந்து தம் குதிரைப் படையை அப்பெண்கள்மீது ஏவினார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 20-இல், அவருடைய படையினர் சூழ்ந்து தாக்கிய, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் லட்லோ கூடாரக் குடியிருப்பில் தீப்பற்றி எரிந்தபோது, கூடாரத்தின் கீழே தோண்டியிருந்த பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டார்கள்.

ஆகவேதான் 2014-இல் தென் கரோலினா வாக்காளர் ஒப்புக்கொண்ட திருத்தத்தில், ஆளுநர் நியமிப்பார் என்ற வாசகத்தைவிட, செனட் சபையின் சம்மதம் வேண்டும், தகுதியையும் பதவிக்காலத்தையும் நீக்கும் முறையையும் சட்டசபை வகுக்கவேண்டும் என்ற வாசகங்களையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2019 ஜனவரியில் வான் மெக்கார்ட்டி அந்த முறைப்படி முதன்முதலாகப் பதவியேற்றார். இனி வருகிற ஒவ்வொருவரையும், சேவை வருஷங்களைக் கணக்கிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், டிரினிடாட் வீதியில் அன்று நீர் குதிரைமேல் இருந்திருந்தால் என்ன உத்தரவு கொடுத்திருப்பீர் என்று செனட்டர்கள் பகிரங்கமாகக் கேட்டு, வந்த பதிலைப் பதிவு செய்யவேண்டும்.